அந்த இது

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசும்போது அப்பா ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் நின்றுகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்கள். எல்லோரும் "நல்லா இருக்கோம்" என்பதையே மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் வீட்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள என் கடிதம்தான் வழி. உன் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீ சொல்கிற விதியை நானும் வைத்துக்கொள்கிறேன்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே.

நாங்கள் மூவரும் சுகம். வெளிநாட்டுப் பயிற்சிக்கு நீ கிளம்பிய மறுநாளே அத்தை பெட்டியோடு வந்துவிட்டார். வந்த கையோடு சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினார். "மூளையைப் பத்தி அவ்ளோ படிச்சவ, சர்க்கரைனு எழுதின டப்பாவுல உப்பு வச்சிருக்கா பாரு" என்றார். அது உண்மைதான் அம்மா, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மழை. ரேடியோவில் காலைச் செய்தி வாசிக்க அப்பா அவசரமாகக் கிளம்பினார். ஷூவைப் போட்டுக்கொண்டே, "பூச்சி, அந்த இதை எடு" என்றார். நான் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். "அது இல்ல, இது." அத்தை துண்டைக் கொண்டுவந்தார். "அய்யோ, இது இல்லக்கா, அந்த இது." கடைசியில் அவரே கதவுக்குப் பின்னால் போய்க் குடையை எடுத்துக்கொண்டார். "தம்பி, உன் வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே பேருதானாடா?" என்று அத்தை கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொள். பதில் போடு.

உன் பூச்சி

ஜூன் 20

என் பூச்சிக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். உப்பு டப்பா விஷயத்தில் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன். காதை மூடிக்கொள்கிறேன்.

எங்கள் வகுப்பைப் பார்த்தால் நீ சிரிப்பாய். எல்லோரும் மூளையை ஆராய்கிறவர்கள், எல்லோருக்கும் நரை, ஆனால் ஆசிரியர் கேள்வி கேட்டதும் குனிந்து பென்சிலைத் தேடுகிறோம். நாங்கள் படித்த காலத்தில் இல்லாத கருவிகளையும் முறைகளையும் இப்போது உட்கார்ந்து கற்கிறோம். பேச்சிழந்த ஒருவர் சொல்ல நினைப்பதை, மூளையின் மேல் வைத்த மெல்லிய தகட்டின் வழியாகக் கணினி எழுத்தாக்குவதை நேற்று காட்டினார்கள். அப்போது யாரும் பென்சிலைத் தேடவில்லை.

ஒன்று உனக்குப் பிடிக்கும். ஒரு பொருள் என்னவென்று தெரிவது வேறு, அதன் பெயரை எடுப்பது வேறு. நடுவே ஒரு பாதை இருக்கிறது. பார்த்துப் படிப்பதற்கோ வேறு பாதை. அக்டோபர் கடைசியில் செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் புதிய பேச்சு ஆய்வுப் பிரிவை என்னை நம்பிக் கொடுப்பார்கள்.

அப்பாவிடம் சொல், எல்லா வீட்டு அப்பாக்களும் "அந்த இதை எடு" என்றுதான் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

அன்று குடையைக் கேட்டபோது கையால் ஏதாவது காட்டினாரா? சும்மா கேட்டேன்.

முத்தங்களுடன்,
அம்மா

ஜூன் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுதான் உன் கடிதம் வந்தது. எனக்குச் சளி இருந்தது, போய்விட்டது. அத்தைக்கு முட்டிவலி. அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கேட்டாயே, ஆமாம், காட்டினார். கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்தார். நாங்கள் கவனித்திருந்தால் உடனே புரிந்திருக்கும்.

இப்போது கவனிக்கிறேன். செவ்வாய்க்கிழமை கத்தரிக்கோலைக் கேட்க இரண்டு விரலை வெட்டுவதுபோல ஆட்டினார். "அந்த இது" என்றார், பிறகு "துணி வெட்டுறது" என்றார். வெள்ளிக்கிழமை சட்டைப் பித்தானைக் காட்டி "இந்த வட்டம் விழுந்துடுச்சு" என்றார். அத்தை சும்மா இருக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சேதி சொல்றவன் வீட்டுல ஊமை பாஷை பேசுறான். பொண்டாட்டி ஊருக்குப் போனா இப்படியா வார்த்தை வத்திப்போகும்" என்றார். அப்பா சட்டையை நாற்காலி மேல் வீசிவிட்டு வேறு சட்டையில் வெளியே போனார். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரே அந்தப் பித்தானைத் தைத்து வைத்தார்.

ஆனால் ரேடியோவில் அவர் வாசிக்கும் செய்தியைக் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். எத்தனையோ கடினமான பெயர்கள். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. துலக்கி வைத்த பாத்திரம் மாதிரிக் குரல்.

கை காட்டினாரா என்று ஏன் கேட்டாய்? சும்மா கேட்கிற ஆள் இல்லை நீ.

பதிலை எதிர்பார்த்து,
பூச்சி

ஜூலை 10

அன்பு மகளுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்று நாளாக அப்பாவின் செய்தியை இங்கிருந்து இணையத்தில் கேட்கிறேன். நீ சொன்னது சரி, ஒரு பிசிறு இல்லை. அவருக்குத் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது, வேறொன்றும் இருக்காது.

இதனுடன் சில அட்டைகள் இருக்கின்றன, படங்கள் நானே வரைந்தவை. அப்பாவோடு விளையாட்டாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டு. பெயரைச் சொல்லச் சொல். அவர் வாயில் என்ன வருகிறதோ அதை அப்படியே எழுதி அனுப்பு. நீ எடுத்துக் கொடுக்காதே. திணறினாலும் காத்திரு, அது முக்கியம். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். அத்தைக்கும் தெரிய வேண்டாம்.

காலையில் வாந்தி, தலைவலி என்று ஏதாவது சொன்னாரா?

நன்றாகச் சாப்பிடு. பாடங்களை விட்டுவிடாதே.

அம்மா

ஜூலை 21

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. வாந்தி இல்லை. தலைவலி என்று அவர் சொல்லவில்லை, ஆனால் நெற்றியைத் தேய்த்துக்கொள்வதை இரண்டு முறை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாய், வீடு, கை, மரம் எல்லாம் உடனே சொன்னார். சீப்பைக் காட்டினேன். "தலை வாருறது" என்றார். பூட்டைக் காட்டினேன். "சாவி. சாவியோட வீட்டுக்காரி" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஏணியைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "ஏறுறது, சாத்தி வைக்கிறது, இரு, எனக்குத் தெரியும்" என்றார். நீ சொன்னபடி காத்திருந்தேன். அவருடைய மேலுதட்டில் வேர்த்தது. காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ எழுதவில்லை.

"யாருக்காகக் கேக்குற?" என்றார்.

"ஸ்கூல்ல ஒரு பிராஜெக்ட்டு" என்றேன்.

"நல்ல பிராஜெக்ட்டு" என்று எழுந்து போய்விட்டார்.

உனக்கு எழுதுவதில் பொய் இல்லை அம்மா. ஆனால் உனக்கு உண்மை எழுதுவதற்காக அவரிடம் பொய் சொன்னேன்.

இன்னொன்று. வானொலி நிலையத்து ஒலிப்பதிவு மாமா வந்திருந்தார். நேரடிப் பேட்டி நிகழ்ச்சிகளை அப்பா வேண்டாமென்று விட்டுவிட்டாராம். "வாசிக்கிறது மட்டும் கொடுங்கனு ஒத்தக் கால்ல நிக்கிறார். பேட்டின்னா உசுரை விடுற மனுஷன்" என்றார். உனக்குத் தெரியுமா?

சீக்கிரம் எழுது.
பூச்சி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் நிற்காமல் போகிறார். நீ சுகமாக இருக்கிறாயா?

ஆனால் புதன்கிழமை போன் செய்தாய் என்று தெரியும். அப்பா ஸ்பீக்கரைப் போடவில்லை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தார். ஒட்டுக்கேட்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். அப்பா சொன்னது இது: "நான் உன்கூடக் குடும்பம் நடத்துறேனா, இல்ல உன் லேப்ல எலியா இருக்கேனா?" பிறகு, "நீ வந்தா நான் எங்கயாவது போயிடுவேன்." பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தவரிடம் அத்தை, "அவ நல்லதுக்குத்தானடா சொல்லுவா, ஒரு டாக்டரைப் பாரேன்" என்றார். "நீயுமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் "இது" என்று சொல்வதில்லை. அப்பா எதையும் கேட்பதே இல்லை. வேண்டியதைத் தானே எழுந்து தேடி எடுத்துக்கொள்கிறார். தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. போன கோடை விடுமுறையில் உன் ஆய்வகத்தில், ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் தாள்களுக்கு நான்தானே பின் அடித்தேன். முதல் வரி எனக்கு மனப்பாடம். "இதில் பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம்." அதை வாசித்துக் காட்டாமல் யாரையும் நாற்காலியில்கூட உட்காரவைக்கக் கூடாது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த அக்காவை நீ திட்டியதும் நினைவிருக்கிறது.

அப்பாவிடம் யார் கேட்டது?

உன் மகள்

ஆகஸ்ட் 18

பூச்சி,

நீ கேட்டது சரி. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று இங்கே வகுப்பே அதைப் பற்றித்தான். ஆய்வுக்கு உட்படுகிறவரின் சம்மதம். நெருங்கிய உறவினரை அவருக்குத் தெரியாமல் பரிசோதிக்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து நின்று, கூடாது, ஏனென்றால் அவர் நம் முன்னால் எச்சரிக்கையே இல்லாமல், நம்மை நம்பி இருக்கிறார் என்று பதில் சொன்னேன். நல்ல பதில் என்றார்கள். அறைக்கு வந்து உன் உறையைப் பிரித்தேன்.

இனிமேல் அட்டைகளைக் காட்டாதே.

நீ கேட்டும் நான் சொல்லாததைச் சொல்கிறேன். இடது பக்கம், காதுக்கு மேலே, பெயர்களை எடுத்துத் தரும் பாதையில் ஏதோ தடை இருக்கலாம். ஏதாவது வளர்ந்து அழுத்தலாம். இல்லை, அந்த இடமே மெல்ல நலியலாம். இரண்டும் இல்லாமல் வெறும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். முதலாவது என்றால் சீக்கிரம் தெரிவது நல்லது. வாசிப்பு கெடாததால் எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது. வாசிப்புக்குப் பாதை வேறு, அதனால் அந்த நம்பிக்கை தவறு என்று இங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள், ஆனாலும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் வயதில் சுமக்க வேண்டியதில்லை இது. உன்மேல் வைத்தது நான். தேர்வை விட்டுவிட்டு வருகிறேன் என்றேன், அவர் சொன்னதை நீயே கேட்டிருக்கிறாய்.

அம்மா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ தூங்குகிறாயா? கடிதத்தில் உன் கையெழுத்து சரிந்திருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம், அத்தை கடைக்குப் போயிருந்தபோது, அட்டைகளை அவர் முன்னால் மேசைமேல் வைத்தேன். "இது ஸ்கூல் பிராஜெக்ட் இல்லப்பா. அம்மா அனுப்பினது. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் சீப்பு அட்டையை எடுத்துப் பார்த்தார். "தெரியும்மா. உங்கம்மா வரைஞ்சா எல்லாத்துக்கும் வால் நீளும். இந்த நாயைப் பாரு, வாலா, தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாயா?"

"அப்புறம் ஏன் பதில் சொன்னீங்க?"

"நீ கேட்டியே."

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவராகவே சொன்னார். "பேப்பர் கையில இருந்தா ஒண்ணும் ஆகாது. பேப்பரைக் கீழ வச்சேன்னா, வார்த்தை கதவுக்கு அந்தப் பக்கம் நிக்குது. நிக்கிறது தெரியுது, முகம்கூடத் தெரியுது. உள்ள வர மாட்டேங்குது."

"ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்ல?"

"எடுத்தா ஒரு பேர் வைப்பாங்க. பேர் வச்சதுக்கப்புறம் ஸ்டேஷன்ல யாரு என்கிட்ட மைக்கைக் கொடுப்பா? சீப்புக்கே பேர் கிடைக்காம அலையிறேன், எனக்கு எதுக்குப் புதுசா ஒரு பேரு?"

அப்போது நான் எழுந்து நின்று, உன் ஆய்வகத் தாளில் இருப்பதைச் சொன்னேன். இது முழுக்க உங்கள் விருப்பம். காரணம் சொல்லாமலே மறுக்கலாம். மறுப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு எதுவும் குறையாது.

"காரணம் சொல்லாமலே மறுக்கலாமா?"

"மறுக்கலாம்."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்போ மறுக்கிறேன்" என்றார்.

நான் அட்டைகளை அடுக்கி எடுத்து வைத்துவிட்டேன். அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் அழுதால் அது கட்டாயப்படுத்துவதாகிவிடும் என்று குளியலறைக்குப் போய்விட்டேன். நான் செய்தது தப்பா அம்மா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

பூச்சி

செப்டம்பர் 8

என் கண்ணே,

தப்பில்லை.

மறுக்கலாம் என்று சொல்லிவிட்டு, மறுத்ததும் கோபித்துக்கொண்டால் நாம் கேட்டதே பொய்யாகிவிடும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே ஒரு விமான டிக்கெட் எடுத்தேன். பிறகு அதையும் கேட்டுத்தானே செய்ய வேண்டும் என்று போன் செய்தேன். முதல்முறையாக, "வரட்டுமா?" என்று கேட்டேன். நிறைய நேரம் யோசித்துவிட்டு, "முடிச்சுட்டு வா" என்றார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

இங்கே தினமும் திரையில் மூளைகளைப் பார்க்கிறேன். சாம்பல் நிறத்தில், பெயர் மறைக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக. எதைத் தேடுகிறேன் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டார். தேர்வுக்குப் படிக்கிறேன் என்றேன்.

காத்திருப்பதன் விலை எனக்குத் தெரியும். அதை எழுதமாட்டேன்.

அத்தையின் முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. அப்பாவிடம் எதையும் கேட்காதே. கூடவே இரு.

அம்மா

செப்டம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எழுதியபடி கூடவே இருக்கிறேன், உன் ஆய்வகத்துப் பக்கத்து மருத்துவமனையில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அப்பாவின் நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் இயக்குநர் அம்மா நடைபாதையில் எதிரே வந்தார். அப்பா என் தோளில் கை வைத்து, "மேடம், இது" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் வரவில்லை. எல்லோரும் "இது என் பொண்ணு" என்றுதானே ஆரம்பிப்பார்கள், அதனால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "ஓ, உங்க பொண்ணா, உங்க மூக்கு அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் கை என் தோளிலேயே இருந்தது. அது கனத்தது.

தெருவில் வெகுதூரம் நடந்தோம். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியும் நடந்தோம். "சீப்பு போனா போகட்டும்" என்றார். அப்புறம், "நீ போனா முடியாது" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை அம்மா. அவரேதான் சொன்னார்: "படம் எடுக்கப் போலாம். அவ வர்றதுக்குள்ள எடுத்துடலாம். அவ எதிர்ல எடுத்தா அவ முகத்தைத்தான் பாத்துட்டு இருப்பேன்."

இன்று காலை அத்தையும் கிளம்பினார். அப்பா, "நீ வந்தா மிஷினுக்கே புத்தி சொல்லுவ, வீட்டுல இரு அக்கா" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே அழுதார்.

இங்கே உன்னோடு வேலை செய்கிற ஸ்கேன் அண்ணன்தான் இருந்தார். சம்மதத் தாளை நீட்டி, "வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றார். அப்பா அதைச் சத்தமாகவே வாசித்தார், செய்திக் குரலில். "இதில் பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம்" என்று அவர் வாசித்தபோது, வெளியே நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர், "நம்ம ரேடியோக்காரர்" என்றார். கடைசி வரிவரை ஒரு பிசிறில்லை. கையெழுத்துப் போட்டார்.

பிறகு அண்ணன், எல்லோரிடமும் படிவத்துக்காகக் கேட்பதுபோல, "கூட வந்திருக்கிறது யாரு சார், என்ன உறவு?" என்று கேட்டார்.

அப்பா தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எடுத்துக் கொடுக்காதே என்று நீ எழுதியிருந்தாய். காத்திருந்தேன். அவர் உதடு இரண்டு முறை கூடியது. அண்ணன் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். அப்பாவின் மேலுதட்டில் வேர்க்க ஆரம்பித்ததும் என்னால் முடியவில்லை.

"மகள்" என்றேன்.

"மகள்" என்றார் அப்பா. "மகள், மகள்" என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார். "எழுதிக்கோங்க தம்பி."

நான் எடுத்துக் கொடுத்ததால் இதைச் சரியான விடையாக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சொன்னார், அதையும் எழுத வேண்டும்.

கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட் எல்லாம் இப்போது என் மடியில் இருக்கின்றன. அண்ணன் கொடுத்த தாளில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவைப் படுக்கவைத்துத் தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள். வேண்டாமென்று தோன்றினால் அழுத்தலாம், உடனே நிறுத்திவிடுவார்களாம். அவர் இன்னும் அழுத்தவில்லை. பலகை உள்ளே போகிறது. இப்போது பாதம் மட்டும் தெரிகிறது.

திரையில் முதல் படம் வருகிறது. எனக்கு அதைப் பார்க்கத் தெரியாது, அண்ணனின் முகத்தையும் பார்க்க மாட்டேன். அப்பாவின் பாதத்தைத்தான் பார்க்கிறேன். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அண்ணன் இந்த அறையின் விளக்குகளை அணைத்துவிட்டார். இனி எழுத வெளிச்சம் இல்லை.